இணையத்தில் எழுதவும் புழங்கவும்: நம்ம பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு, கோபி, திருப்பூர், பொள்ளாச்சி என்று நம்ம பக்கத்தில் புதிதாக வலைப்பூ தொடங்குகிறவர்களும், கடைக் கணக்கிலிருந்து தோட்டத்து மோட்டார் வரைக்கும் எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டியதற்கு நேராகப் போய்விடலாம். மூன்றாவது கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கியிருக்கின்றன.

1. எழுத ஆசையாக இருக்குதுங்க, ஆனால் எதை எழுதுவது?

உங்கள் கைக்குப் பழகிய வேலையை எழுதுங்கள். மஞ்சள் என்று தேடினால் அதன் மருத்துவக் குணத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் வருகின்றன, எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. ஆனால் மஞ்சளை வேகவைக்கும்போது எந்த நேரத்தில் நெருப்பை இழுப்பது என்பதை வேகவைத்தவர் எழுதினால்தான் உண்டு. நுரை கட்டி, வெள்ளையாக ஆவி கிளம்பி, மஞ்சள் வாசம் களம் முழுக்க அடிக்க ஆரம்பித்ததும் ஒரு கிழங்கை எடுத்து மொன்னைக் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள், தடையில்லாமல் இறங்கினால் பதம். அதற்கு மேலும் விட்டால் நிறம் கெட்டுவிடும், அரைவேக்காட்டில் எடுத்தால் காய்ந்த பிறகு பட்டென்று ஒடியும். விரல் போல நீண்ட விரலியையும் உருண்டையான தாய்க்கிழங்கையும் ஏன் சேர்த்துப் போடுவதில்லை, கிழங்கு வேக ஏன் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குச் சாதாரணம், வெளியூரிலிருந்து மஞ்சள் வாங்க வருகிறவருக்கும் புதிதாக நிலம் வாங்கி வெள்ளாமை பண்ணுகிறவருக்கும் அது தங்கம்.

பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறீர்களா, தறி ஓட்டுகிறீர்களா, கொப்பரைக்களம் வைத்திருக்கிறீர்களா, ஆஸ்பத்திரியில் செவிலியரா, பேருந்து ஓட்டுநரா, எதுவாக இருந்தாலும் சரி. சினிமா விமர்சனமும் அரசியலும் எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்கள் வேலையைப் பற்றி எழுத உங்களைத் தவிர யாருமில்லை.

அப்புறம் தலைப்பு. மஞ்சள் வேகவைப்பதைப் பற்றி எழுதிவிட்டுப் 'பொன்னிற நினைவுகள்' என்று பெயர் வைத்தால் தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. மக்கள் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடுவார்களோ அந்தச் சொற்கள் தலைப்பிலும் முதல் இரண்டு வரிகளிலும் இருக்க வேண்டும். தேடுபொறியில் மேலே வருவதற்கு ஆயிரம் வித்தை சொல்லிக் காசு வாங்குகிறார்கள், தனியாள் எழுதுகிற வலைப்பூவுக்கு இதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம்.

2. பேஸ்புக்கிலேயே எழுதினால் போதாதா?

பேச்சுக்குப் போதும், சேமித்து வைக்கப் போதாது. பேஸ்புக்கில் போன வாரம் எழுதியதைத் தேடி எடுப்பதே பெரும்பாடு, மூன்று வருடத்துக்கு முன் எழுதியதைக் கேட்கவே வேண்டாம். கணக்கு ஏதாவது காரணத்தால் முடங்கினால் அத்தனையும் அதோடு போகும்.

ஆரம்பத்துக்கு பிளாக்கர் என்ற வலைப்பூத் தளம் போதும். 1999-ல் தொடங்கியது, 2003-ல் கூகுள் வாங்கியது, இன்றைக்கும் இலவசம், நீங்களாக வைக்காமல் விளம்பரம் எதுவும் வராது. வேர்ட்பிரஸ் வசதி அதிகம், ஆனால் சொந்தமாக சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்து நடத்தினால் புதுப்பிப்பு, பாதுகாப்பு எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். எதில் எழுதினாலும் மாதத்துக்கு ஒரு முறை நகல் எடுத்து வையுங்கள். பிளாக்கரில் அமைப்புகள் பகுதியிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதன் வழியாக எழுதியதெல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். படங்களுக்கு அதை மட்டும் நம்பாமல், அவற்றைத் தனியாகப் பென்டிரைவிலோ கணினியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதை பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பகிரத்தான் வேண்டும், அதில் தவறில்லை. மூலம் உங்கள் இடத்தில் இருக்கட்டும், அங்கே சுட்டியைக் கொடுங்கள்.

3. மெயில், வலைப்பூ எல்லாம் கடைப் பையன்தான் ஆரம்பித்துக் கொடுத்தான். ஏதாவது ஆகுமா?

ஆகும். புது போன் வாங்கும்போது கடையிலேயே ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். கடவுச்சொல் என்னவென்று வாங்கியவருக்குத் தெரியாது, மீட்பு எண்ணாக இருப்பது கடைக்காரர் எண். கடைக்கு வலைத்தளம் போட்டுக் கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, தன் பெயரிலேயே பதிந்திருப்பார், பேஸ்புக் பக்கத்துக்கு நிர்வாகியும் அவரே. இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாது. போன் உடைந்து புதுப் போனில் திறக்கப் பார்க்கும் அன்றைக்குத்தான் கணக்கு நம்முடையது இல்லை என்று தெரியவரும். அந்தப் பையன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வேலை மாறி ஓசூர் போயிருந்தாலே போதும்.

இன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள். போனில் அமைப்புகளுக்குள் கூகுள் என்பதைத் தொட்டு, உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் மீட்பு போன் எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் தெரியும். இரண்டும் உங்களுடையதாக, இப்போது உயிரோடு இருப்பதாக இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை வைத்திருக்காதீர்கள், ரத்தான எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும், அப்புறம் உங்கள் கணக்குக்கு வருகிற ஓடிபி அவர் கைக்குப் போகும். அதே பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும், அடையாளம் தெரியாததை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

பிறகு கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கிற இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதைப் போட்டதும் மாற்றுக் குறியீடுகள் என்று 10 எண்கள் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்று ஒரு முறைதான் செல்லும். போன் தொலைந்து சிம்மும் இல்லாத நிலையில் உள்ளே போக அதுதான் வழி. அதைப் போனிலேயே படம் எடுத்து வைப்பதில் அர்த்தமே இல்லை. நோட்டில் எழுதிப் பத்திரம் வைக்கிற பீரோவில் வையுங்கள்.

வலைப்பூவுக்கு உங்கள் மின்னஞ்சலையே நிர்வாகியாகப் போட்டுக்கொண்டு, அமைத்துக் கொடுத்தவரை நன்றி சொல்லி விடுவித்துவிடுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 'அதெல்லாம் நான் பார்த்துக்கிறேனுங்க' என்று சொன்னால் அதற்குச் சம்மதிக்காதீர்கள், அவர் எவ்வளவு வேண்டப்பட்டவராக இருந்தாலும்.

4. கடவுச்சொல் எப்படி வைப்பது?

நீளமாக. உங்களுக்கு மட்டும் தெரிந்த நான்கைந்து சொற்களைக் கோத்து ஒரு வாக்கியமாக வைத்தால் மறக்காது, உடைக்கவும் கடினம். வண்டி நம்பர், பிள்ளைகள் பெயர், குலதெய்வம் பெயர் வேண்டாம், இதெல்லாம் உங்கள் பேஸ்புக் படங்களிலேயே இருக்கிறது. மின்னஞ்சலுக்கு வைத்ததை வேறு எங்கேயும் வைக்காதீர்கள், ஏனென்றால் மின்னஞ்சல் கையில் கிடைத்தால் மற்றக் கணக்குகள் பலவற்றின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மாற்றிவிட முடியும். நோட்டில் எழுதி வீட்டில் வைப்பது தப்பில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதுதான் ஆபத்து.

5. தமிழில் தட்டச்சு செய்ய எது நல்லது? என்னிடம் பழைய டிடிபி கோப்புகள் இருக்கின்றன, திறந்தால் எழுத்து உடைந்து வருகிறது.

எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரிகிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு, வேறு பேச்சே வேண்டாம். உங்கள் பழைய கோப்பு பாமினி, வானவில் மாதிரியான எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துரு மாற்றி என்று இலவசச் செயலிகள் இருக்கின்றன, எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் யூனிகோடாக மாறிவிடும். மாறிய பிறகு ஒரு முறை முழுக்கப் படியுங்கள், கொம்பும் ஒற்றும் இடம் மாறியிருக்கும். பழைய ஊர்த் திருவிழா மலர், கோயில் வரலாறு, பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று டிடிபி கடைகளின் கணினிகளில் எவ்வளவோ கிடக்கிறது, வன்தட்டு சாவதற்குள் அதை மாற்றிப் போடுவது பெரிய காரியம், முடிந்தவர்கள் செய்யுங்கள்.

கணினியில் தினமும் எழுதுகிறவர் தமிழ் 99 பழகுவது நல்லது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தரமாக்கப்பட்ட விசைப்பலகை, உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், பழகிவிட்டால் விரல் தானாக ஓடும். போனில் என்றால் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டு போதும். குரல் தட்டச்சு வயதானவர்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் ல-ள-ழ, ர-ற, ன-ண மூன்றையும் கடைசியில் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

6. நம்ம பேச்சுத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. ஒறம்பரை (உறவினர்) வந்தார்கள், பொடக்காணியில் (புழக்கடையில்) துணி காய்கிறது, அக்கட்டாலே (அந்தப் பக்கம்) போ என்று எழுதினால் திண்டுக்கல் தாண்டி இருப்பவருக்குச் சில இடம் புரியாமல் போகலாம், பக்கத்து வரியைப் பார்த்தால் புரிந்துகொள்வார். குரல் தட்டச்சு இந்தச் சொற்களைக் குதறி வைக்கும், போனின் சொந்த அகராதியில் ஒரு முறை சேர்த்துவிட்டால் அப்புறம் தட்டும்போது தானே எடுத்துக் கொடுக்கும். விவரம் சொல்லும் கட்டுரை என்றால் பொதுத் தமிழில் எழுதி, ஆட்கள் பேசும் இடத்தில் மட்டும் நம்ம பேச்சை அப்படியே வைப்பது எனக்குப் பிடித்த வழி.

7. கூகுளில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போடலாமா?

கூடாது. தேடலில் வருவதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி ஒளிப்படத்துக்கு எடுத்தவர் காலத்துக்குப் பிறகும், எழுத்துக்கு எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் உரிமை உண்டு. விக்கிமீடியா பொதுவகத்தில் தேடுங்கள், அங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று போட்டிருக்கும், பெரும்பாலும் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் போதும். அதைவிட நல்லது நீங்களே எடுப்பது. போன் கேமராவில் காலை வெயிலில் எடுத்த காங்கேயம் காளைப் படம் எந்தக் கடன் படத்துக்கும் குறைந்ததில்லை.

ஆட்களை எடுக்கும்போது கேளுங்கள். இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி ஆடுகிறார்கள், சின்னப் பெண் பிள்ளைகளை நெருக்கத்தில் எடுத்து, பெயர், பள்ளிக்கூடம், ஊர் எல்லாவற்றையும் எழுதிப் பொதுவில் போட்டுவிடுகிறார்கள். பெருமையில்தான் போடுகிறார்கள், ஆனால் அந்தப் படத்தை யார் எடுத்து எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் முழுக்கத் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து எடுங்கள், பிள்ளைகளின் பெயரும் பள்ளியும் வேண்டவே வேண்டாம். இது என் வேண்டுகோள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

8. நான் எழுதியதை வேறொருவர் பெயர் போட்டுக்கொண்டு பரப்புகிறார். என்ன செய்வது?

முதலில் அவர் பக்கத்தைத் தேதியோடு திரைப்பிடிப்பு எடுங்கள். முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமியுங்கள், அவர் பிறகு அழித்தாலும் சான்று இருக்கும். அப்புறம் அவருக்கு மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள், பாதிப் பேர் தெரியாமல் செய்திருப்பார்கள், பெயர் சேர்த்துவிடுவார்கள். கேட்கவில்லை என்றால் பிளாக்கர், பேஸ்புக், யூடியூப் மூன்றிலும் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது, உங்கள் மூலச் சுட்டியையும் தேதியையும் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் சுற்றுவதை மட்டும் தடுக்க முடியாது, அதற்காக மனம் உடைந்து எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

9. வலைப்பூவில் காசு வருமா?

கொஞ்சம் வரலாம். பக்கத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் அனுப்புவார்கள், 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். தினம் சில நூறு பேர் படிக்கிற பக்கத்துக்கு அந்த நூறு டாலர் சேரவே நெடுங்காலம் பிடிக்கும். ஆகவே வீட்டுச் செலவுக்கு இதை நம்பாதீர்கள், 'மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்' என்று வகுப்பு நடத்துகிறவரிடம் கட்டணம் கட்டாதீர்கள். நேரடியாக வருகிற பயன்தான் பெரிது, நன்றாக எழுதுகிற நாற்றுப்பண்ணைக்காரருக்கும் தையல் பயிற்சி கொடுப்பவருக்கும் வலைப்பூ வழியாகவே வாடிக்கையாளர் வருவார்கள்.

யாராவது காசோ பொருளோ கொடுத்து எழுதச் சொன்னால் அதைப் பதிவின் மேலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து எழுதியது தெரிந்தால் படிக்கிறவர் திரும்ப வரமாட்டார்.

10. எதை எழுதினால் வழக்கு வரும்?

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்துவிட்டது, அதனால் எதையும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவதூறு இன்றைக்கும் குற்றம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு. சாதி, மதம், மொழி பெயரால் பகை மூட்டினால் 196. அடுத்தவரின் அந்தரங்கப் படத்தை எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டமே பாயும். 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது உங்களைக் காப்பாற்றும் என்று இருக்காதீர்கள்.

ஒரு கடையில் ஏமாந்ததை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. என்ன வாங்கினீர்கள், என்ன தேதி, என்ன நடந்தது, ரசீது எங்கே என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'திருட்டுப் பயல்' என்று ஒரு சொல் சேர்த்தால் உங்கள் பக்கத்து நியாயம் அத்தனையும் பின்னுக்குப் போய்விடும்.

11. வாட்ஸ்அப் குழுவில் வருவது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

2023 மார்ச் தொடக்கத்தில் நடந்ததை நம்ம பக்கத்து ஆட்கள் மறந்திருக்க முடியாது. வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று, சம்பந்தமே இல்லாத வீடியோக்களை ஒட்டி வதந்தி பரவியது. தமிழ்நாட்டுக் காவல்துறை பொய் என்று அறிவித்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து நேரிலேயே விசாரித்தது. அதற்குள் பயந்து ஊருக்கு ரயில் ஏறியவர்கள் பலர், ஆள் இல்லாமல் தவித்த கம்பெனிகளும் பல. அதை அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் நல்லெண்ணத்தில், எச்சரிக்கை செய்கிறோம் என்று நினைத்து அனுப்பியவர்கள்.

படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், அதே படம் முன்பு எங்கே, எப்போது வந்தது என்று காட்டும். வீடியோ என்றால் ஒரு காட்சியை நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்து அதே மாதிரி தேடலாம். பின்னால் தெரிகிற கடைப் பலகை, வண்டி எண், போலீஸ் சீருடை மூன்றையும் கவனித்தாலே எந்த ஊர் என்று பாதி தெரிந்துவிடும். தேதி இல்லாத செய்தி, 'உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று முடிகிற செய்தி, இரண்டையும் நான் அனுப்புவதே இல்லை. உண்மையாகவே இருந்தாலும் அரை மணி நேரம் தாமதமாக அனுப்புவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

12. திருப்பூர் மொத்த விலை என்று இன்ஸ்டாகிராமில் டீ-சர்ட் விற்கிறார்கள். நம்பலாமா?

நல்லவர்களும் இருக்கிறார்கள், திருப்பூர்ப் பெயரை வைத்தே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், திருப்பூரைப் பார்த்தேயிராதவர்கள். வேறு கடையின் வீடியோவை எடுத்துப் போட்டு, அடக்க விலைக்கும் கீழே ஒரு விலை சொல்லி, 'ஸ்டாக் முடியப்போகுதுங்க, முன்பணம் போடுங்க' என்பார்கள்.

ஜிஎஸ்டி எண் கேளுங்கள். எண்ணும் எழுத்துமாக 15 இருக்கும், முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாடு என்றால் 33. அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் நிலையும் வரும். அங்கே வருகிற பெயரும், யூபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் காட்டுகிற பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். கடை பெயரில் ஜிஎஸ்டி, பணம் மட்டும் எங்கோ ஒரு தனியாள் கணக்குக்கு என்றால் விட்டுவிடுங்கள். வீடியோ காலில் கடையையும் அன்றைக்கு அனுப்பப்போகும் சரக்கையும் காட்டச் சொல்லுங்கள், உண்மையான வியாபாரி சலிக்காமல் காட்டுவார். முதல் முறை சின்ன ஆர்டர் போதும்.

விற்கிறவருக்கும் ஒன்று. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் ஒருபோதும் வேண்டாம், பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் பின். 'க்யூஆர் அனுப்பியிருக்கிறேன், ஸ்கேன் செய்து பின் போட்டால் உங்களுக்குப் பணம் வந்துவிடும்' என்று எவர் சொன்னாலும் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். பணம் அனுப்பியதாக அவர் காட்டுகிற திரைப்பிடிப்பையும் நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சரக்கை ஏற்றுங்கள்.

13. சொந்தக்காரர் எண்ணிலிருந்தே கல்யாணப் பத்திரிகை வந்தது, திறந்ததும் பணம் போய்விட்டது என்கிறார்களே?

அது பத்திரிகை இல்லை, ஏபிகே என்று முடிகிற செயலி. பத்திரிகை என்றால் படமாகவோ, பிடிஎஃப் ஆகவோ, வீடியோவாகவோதான் இருக்கும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்து, 'நிறுவவா' என்று போன் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டி அபராதம், விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் வரும் பிஎம் கிசான், வங்கி கேஒய்சி, கரண்ட் பில் என்று பல வேஷத்தில் இது வரும். உள்ளே போனால் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை வேறு இடத்துக்கு அனுப்பிவிடும். உங்கள் வாட்ஸ்அப்பும் பறிபோனால் உங்கள் எண்ணிலிருந்தே ஒறம்பரைக்கெல்லாம் போகும், அதனால்தான் தெரிந்த எண்ணிலிருந்து வந்திருக்கிறது.

தெரியாமல் நிறுவிவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையையும் அணையுங்கள், வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அதன் பிறகு போனை முழுக்க அழித்துப் புதிதாக அமைப்பதுதான் சரி, செயலியை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

14. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று அமுச்சிக்கு (பாட்டிக்கு) போன் வந்தது.

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது. எந்தப் போலீஸும், சிபிஐயும், நீதிமன்றமும் வீடியோ காலில் கைது செய்யாது, 'விசாரணை முடியும்வரை இந்தக் கணக்கில் பணத்தைப் போட்டு வையுங்கள்' என்று கேட்காது. வீட்டில் பெரியவர்களிடம் 'கவனமாக இருங்க' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. 'அப்படி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிட்டு எனக்குக் கூப்பிடுங்க அமுச்சி, யாரிடமும் சொல்லாதே என்று அவன் சொன்னாலும் எனக்குச் சொல்லுங்க' என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள். பயமுறுத்துகிறவன் முதலில் செய்வது வீட்டாரிடமிருந்து அவரைத் தனிமைப்படுத்துவதுதான். ஏமாந்தால் திட்டுவார்கள் என்ற பயம் வீட்டில் இருந்தால் அவர்கள் மறைப்பார்கள், நேரம் போய்விடும்.

15. பணம் போய்விட்டது. இப்போது?

1930, இணையப் பண மோசடிக்கான அரசின் உதவி எண். இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள், அடுத்த நாள் காலை வரை பொறுக்காதீர்கள். ஏமாற்றியவர் பணத்தைப் பல கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார், எடுத்து முடிப்பதற்குள் வழியில் எங்காவது முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சைபர்கிரைம் தளத்திலும் பதியலாம், முகவரி சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்.

கூடவே வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு உங்கள் மீதும் வங்கி மீதும் இல்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் மேல் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் சொன்ன வரைக்கும் போனது உங்கள் பொறுப்பு, ஆனால் வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வருகிறவர்கள் இரண்டாவது மோசடிக்காரர்கள்.

16. ஆதார் நகலை ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோமே?

அனுப்பாமல் இருக்க முடிந்தால் நல்லது. கடைக் கணினியில் அன்றைக்கு வந்த எல்லாருடைய ஆதாரும் வங்கிப் புத்தகமும் அப்படியே கிடக்கும். நகல் எடுத்ததும் அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கலாம், பல இடத்துக்கு அதுவே போதும். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு, ரேஷனுக்கோ வங்கிக்கோ வேண்டும்போது திறந்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்கு அழையுங்கள்.

17. போன் தொலைந்தால்?

முதலில் சிம்மை நிறுத்துங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார். அந்தப் புகார் நகலையும் போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணையும் வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். போன் கையில் இருக்கும்போதே *#06# தட்டி அந்த எண்ணை எழுதி வையுங்கள், தொலைந்த பிறகு தேட வேண்டாம். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் தெரியும், நீங்கள் வாங்காதது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

18. எனக்குப் பிறகு என் வலைப்பூ என்ன ஆகும்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, எல்லோரும் கேட்க வேண்டியது. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கலாம் என்பது 2023-ல் வந்த கொள்கை, கணக்கு போனால் அதிலுள்ள மின்னஞ்சல், படங்கள் எல்லாம் போகும். கூகுள் கணக்கில் செயல்படாத கணக்கு மேலாளர் என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை நீங்களே ஒரு காலம் வைக்கலாம், அதுவரை நீங்கள் கணக்கைத் தொடவில்லை என்றால் நீங்கள் சொன்ன ஆளுக்குத் தகவல் போகும், நீங்கள் அனுமதித்தவற்றை அவர் இறக்கிக்கொள்ளலாம். மகனோ மகளோ, எழுத்தில் அக்கறை உள்ள நண்பரோ, யார் என்று முடிவு செய்து அவரிடமும் சொல்லி வையுங்கள். வலைப்பூவுக்கு அவரை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்ப்பது இன்னும் எளிது. அப்புறம் உங்களுக்கு முக்கியமான பதிவுகளின் முகவரியை ஒவ்வொன்றாக வேபேக் மெஷினில் சேமித்து, சேமித்த பக்கம் படங்களோடு சரியாகத் திறக்கிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.